மேலே பார்த்துக்கொண்ட பெரியவருக்கு நன்றி

ஓட்டச் சொல்லிக்கொடுத்த நண்பர்களே, என் ட்ரோனை ஒருவழியாகப் பறக்க விட்டுவிட்டேன்! ட்ரோன் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக நான் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும், அந்தக் கதை வேண்டாம். கை நடுக்கம் அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, "பேரு எதுக்குத் தம்பி" என்று சிரித்துவிட்ட ஒரு பெரியவருக்கு. சிவகங்கைப் பக்கம், வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். நான் ட்ரோனைக் கீழே வைத்ததும் கிட்ட வந்தார். ஆடு மிரளும், வேறு இடம் பார் என்று விரட்டப்போகிறார் என நினைத்தேன். அவரோ ஆடுகளை எதிர்க்கரைக்கு ஓட்டிவிட்டு வந்து, "என்னத்துக்குப் பயப்படுற?" என்றார். பருந்துக்குத்தான் என்றேன். ட்ரோன் 249 கிராம் சாமான், பருந்து ஒரு தட்டுத் தட்டினால் போதும், விழுந்துவிடும். நம் கண் ரிமோட்டின் திரையில் இருக்கும்போது பருந்து வருவதே தெரியாது.

"நீ கையில இருக்க பெட்டியப் பாரு, மேல நான் பாத்துக்கிறேன்."

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணாந்து நின்றவர், பேட்டரி தீரும்வரை நகரவில்லை. வீட்டில் கோழிக்குஞ்சு வளர்க்கிறாராம், பருந்தின் நிழலே அவருக்குப் போதும். நடுவில் "கெழக்க ஒண்ணு சுத்துது" என்று குரல் கொடுத்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி ரிமோட்டின் இடது குச்சியை மேலே தள்ளினேன், ட்ரோன் நேராக உயர்ந்தது. நேர் மேலே அவ்வளவு வேகமாக ஏறப் பருந்துக்கு வராது, விலகிப் போய்விட்டது. அப்புறம் எடுத்த வீடியோவைக் காட்டினேன். காட்சியழகெல்லாம் அவருக்கு எதற்கு? திரையில் விரல் வைத்து ஆடுகளை எண்ணினார். கணக்குச் சரியாக இருந்தது.

மற்றவர்களுக்கும் கும்பிடு. "குழம்பினால் இரண்டு குச்சியையும் விட்டுவிடு, ஜிபிஎஸ் பிடித்திருந்தால் நின்ற இடத்திலேயே நிற்கும்" என்று நள்ளிரவில் குரல்பதிவு அனுப்பிய நண்பருக்கு, ஹோம் பாயின்ட், அதாவது ட்ரோன் திரும்பி வர வேண்டிய இடம், பதிவாகும்வரை தூக்காதே என்று தலையில் அடித்துச் சொன்னவர்களுக்கு, ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தைப் பனைமரங்களைத் தாண்டி 50 மீட்டராக வைக்கச் சொன்ன அண்ணனுக்கு, அந்த இடம் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலம்தான், 400 அடி உயரம் தாண்டாதே என்று வரைபடம் பார்த்துச் சொன்ன தங்கைக்கு. ட்ரோன் நம் பக்கம் முகம் திருப்பினால் இடது வலதாகிவிடுவது மட்டும் எனக்கு இன்னும் வசப்படவில்லை. அதற்காக உங்களை இன்னும் கொஞ்ச நாள் நச்சரிப்பேன்.

புதிதாக வாங்கிவிட்டுப் பயந்துகொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள். ஓட்டிக் காட்ட எனக்குத் தகுதி கிடையாது, பக்கத்தில் நின்று வானத்தைப் பார்க்கிறேன். குடையும் தண்ணீரும் மட்டும் எடுத்து வாருங்கள்.