பம்பரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு தொப்பூரில் இறங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் செல்லும் வழியில், பாளையம் சுங்கச்சாவடியில் அண்மையில் காத்திருந்தபோது, பக்கத்து வரிசையில் நின்ற காரின் முன்பம்பர் நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்ததையும், ஒரு பக்க முகப்பு விளக்கு இருந்த இடத்தில் வெறும் ஒயர்கள் தொங்கியதையும் கண்டேன். அடுத்து வருவது தொப்பூர் கணவாய் இறக்கம். அந்த ஓட்டுநரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே செய்தவன்.

காரிமங்கலம் அருகே ஒரு மினி லாரியின் பின்புறத்தில் என் கார் மோதியது. யாருக்கும் காயமில்லை. வண்டிதான் ஓடுகிறதே என்று தருமபுரிவரை ஓட்டி வந்தேன். ரேடியேட்டர் விரிசல்விட்டுத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்ததை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வெப்பமானி முள் ஏறியதைக் கவனித்தபோது சூட்டில் இன்ஜினின் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போய்விட்டிருந்தது. சேதத்தை மதிப்பிட வந்த காப்பீட்டு சர்வேயர் பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் மட்டும் இழப்பீடு எழுதிவிட்டு, இன்ஜின் செலவு என்னுடையது என்றார். கோபத்தோடு பாலிசியைப் புரட்டினால், விபத்துக்குப்பின் பழுது நீக்காமல் வண்டியை ஓட்டினால் அதனால் கூடும் சேதம் உரிமையாளரின் பொறுப்பே என்ற நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கிறது. சர்வேயர் சொன்னதில் தவறில்லை. பாலிசியை விற்றவர் அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சட்டமோ வண்டியின் அழகைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கதவில் சிறு நசுங்கல் இருப்பதும் பெயின்ட் பெயர்ந்திருப்பதும் பொதுவாகப் பாதுகாப்பைக் கெடுப்பவை அல்ல. ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, மற்றவர்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய குறை உள்ள வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவதையும் ஓட்ட அனுமதிப்பதையும் குற்றமாக்குகிறது. அந்தக் குறை ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 1,500 ரூபாய்வரை. அந்தக் குறையால் விபத்து நேர்ந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லாரிக்கும் பேருந்துக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்று பெற பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்தும் கட்டாயம் உண்டு. சொந்தக் காருக்கோ பதிவு செய்து 15 ஆண்டுகள்வரை அந்தச் சோதனை கிடையாது என்பதால், அதைப் பார்க்க வேண்டிய பிரேக் இன்ஸ்பெக்டர் நாமேதான்.

பார்ப்பதற்குப் பெரிய படிப்பும் தேவையில்லை. அடியில் ஏதேனும் ஒழுகுகிறதா, உடைந்த பிளாஸ்டிக் டயரில் உரசுகிறதா, பானட் பூட்டு பிடிக்கிறதா, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பூட்டு சரியாகப் பிடிக்காத பானட் வேகத்தில் எழுந்து கண்ணாடியை மறைத்தால் முன்னால் ஒன்றும் தெரியாது. டீசலை மிச்சப்படுத்த, கியரை விடுவித்து நியூட்ரலில் இறங்கும் லாரிகள் பின்னால் வரும் தொப்பூரில், பிரேக் விளக்கு எரியாத கார் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. காற்றுப்பை விரிந்துவிட்ட கார் என்றால் ஓட்டும் பேச்சே வேண்டாம். அதை மாற்றும்வரை அடுத்த மோதலில் அந்தப் பாதுகாப்பு இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைத்தால் மீட்பு வண்டி வரும் என்பது அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எனவே, காப்பீட்டு நிறுவனங்கள் அந்த ஒரு நிபந்தனையையாவது பாலிசியின் முதல் பக்கத்தில் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்றும், ஆவணங்களைச் சோதிக்கும் காவல் துறையினர் இத்தகைய கார்களைப் பாளையம் சுங்கச்சாவடியிலேயே ஓரம் நிறுத்தி, மீட்பு வண்டி வரும்வரை காத்திருக்கச் செய்ய வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். இறக்கம் தொடங்கிவிட்ட பிறகு, நிறுத்திச் சொல்வதற்கு அது இடமல்ல.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தருமபுரி.