பிறந்த ஊரை எழுதியதும் எழுந்துவிடாதீர்கள்: தமிழ் விக்கிப்பீடியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் விக்கிப்பீடியாவிலும் விக்கித்தரவிலும் எழுதிவரும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆள் பெயரைப் போடும் வரைபடங்கள் சில ஆண்டுகளாகச் சுற்றிவருகின்றன. 2019-இல் ‘தி புட்டிங்’ என்ற இணைய இதழ் அமெரிக்காவுக்கு ஒன்று போட்டது. ஓர் ஊரில் பிறந்தவர், வாழ்ந்தவர், ஏதோ ஒரு வகையில் அந்த ஊரோடு தொடர்புடையவர் என எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, யாருடைய விக்கிப்பீடியா பக்கம் அதிகம் பார்க்கப்பட்டதோ அவர் பெயரை ஊருக்குச் சூட்டினார்கள். 2022-இல் பின்லாந்துக்காரர் டோபி ட்யுக்கனோவ் உலகம் முழுவதற்கும் ஒன்று செய்தார். அதில் பிறந்த ஊர் மட்டுமே கணக்கு. பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட படங்களுக்கு அடியில் கிடக்கும் தரவில் ஒரு பகுதி உங்கள் கையால் நிரம்புவது. அதனால்தான் படம் போட்டவர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் ஒருவரின் பிறந்த இடத்தை நிரப்பியதும் எழுந்துவிடாதீர்கள். வசிப்பிடம் (பி551), பணியாற்றிய இடம் (பி937) என்று இன்னும் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அவற்றையும் ஆண்டோடும் சான்றோடும் நிரப்பிவிட்டுப் போங்கள்.

நம் வழக்கத்தில் பிள்ளைப்பேறு தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போவார்கள். குழந்தைக்குச் சில மாதம் ஆன பிறகுதான் புருஷன் வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். தலைப்பிரசவம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே நம் ஆட்களில் பலருக்குப் பிறந்த இடம் என்று பதிவாகியிருப்பது அம்மாவழித் தாத்தாவின் முகவரி. இந்த வழக்கம் தெரியாத மென்பொருள் அதையே அந்த ஆளின் ஊர் என்று எடுத்துக்கொள்கிறது.

கணிதமேதை ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தது ஈரோட்டில், அம்மா கோமளத்தம்மாளின் பெற்றோர் வீட்டில். அப்பா சீனிவாச ஐயங்காருக்குக் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் குமாஸ்தா வேலை. ஏறக்குறைய ஒரு வயதில் குழந்தை கும்பகோணம் வந்துவிட்டது. சாரங்கபாணி சன்னிதித் தெரு வீடு, டவுன் ஹைஸ்கூல், கணக்கைத் தவிர மற்றதையெல்லாம் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்த அரசுக் கல்லூரி, எல்லாமே குடந்தையில்தான். பிறந்த ஊர்க் கட்டத்தை மட்டும் படிக்கும் வரைபடத்தில் அவர் ஈரோட்டுக்காரர்.

இதில் ஈரோட்டுக்கும் நியாயமில்லை. 1879-இல் அங்கேயே பிறந்து, அங்கேயே மண்டி வியாபாரம் பார்த்து, அந்த நகராட்சிக்கே தலைவராக இருந்து, 1925-இல் அங்கிருந்தே ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிய ஒருவர் இருக்கிறார். பெரியாரையும் ராமானுஜனையும் ஆங்கிலப் பக்கப் பார்வை எண்ணிக்கையில் மோதவிட்டால் யார் முந்துவார் என்று சொல்லத் தேவையில்லை. மதுரையிலும் இதே கதை. சுந்தர் பிச்சை 1972-இல் அங்கே பிறந்தார், வளர்ந்தது சென்னையில். எம்.எஸ். சுப்புலட்சுமியோ பெயரின் முதல் எழுத்திலேயே மதுரையைச் சுமந்தவர்.

தாய்வீடு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். வானியற்பியலாளர் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் பிறந்தது அப்பாவின் ரயில்வே தணிக்கை வேலையால். பிறகு சென்னையில் வளர்ந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, 1937 முதல் 1995-இல் மறையும்வரை சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தார். இனி வரும் தலைமுறைக்கு இன்னொரு கூத்து காத்திருக்கிறது. இப்போது சுற்றுவட்டாரக் கிராமங்களின் பிள்ளைகள் எல்லாம் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் பிறக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் இருப்பது ஆஸ்பத்திரி இருக்கும் ஊர். ஐம்பது வருஷம் கழித்து எவராவது இப்படி ஒரு படம் போட்டால், பிரசவ வார்டு உள்ள ஊர்களில் மட்டும்தான் தமிழ்நாட்டில் பெரிய மனிதர்கள் பிறந்தார்கள் என்று தெரியும்.

பார்வை எண்ணிக்கையை வைத்துப் புகழை அளப்பதே தப்பு என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. அது தான் எதை அளக்கிறேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ட்யுக்கனோவின் படத்துக்கு அடிப்படையான ஆய்வுத் தரவுத்தொகுப்பில் சுமார் 22.9 லட்சம் பேர் இருக்கிறார்கள். அதில் பார்வை எண்ணிக்கையோடு, ஒருவரைப் பற்றி எத்தனை மொழிகளில் கட்டுரை இருக்கிறது, கட்டுரை எவ்வளவு நீளம் என்பவையும் சேர்ந்தே தரவரிசை தீர்மானமாகிறது. ஆட்களைத் திரட்ட எடுத்துக்கொண்டது ஏழு ஐரோப்பிய மொழி விக்கிப்பீடியாக்களையும் விக்கித்தரவையும். தமிழில் மட்டும் கட்டுரை உள்ளவர் அந்த வரிசையில் வாலுக்குப் போய்விடுவார் என்பது உண்மைதான், ஆனால் அது வேறு வழக்கு. புகழ்க் கணக்கு எப்படியிருந்தாலும், ஆளை எந்த ஊரில் நிறுத்துவது என்பதாவது சரியாக இருக்க வேண்டாமா?

அப்படி நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்குத் திருவாரூர் நல்ல இடம். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் அங்கே பிறந்தவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஊருக்கு ஒரு பெயர்தான் என்றால் மும்மூர்த்திகளில் இருவர் வெளியே நிற்க வேண்டும். ட்யுக்கனோவின் படத்தில் கலை, அறிவியல், தலைமை, விளையாட்டு என்று வகை பிரித்துப் பார்க்க வசதி உண்டு. மூவரும் சங்கீதக்காரர்கள் என்பதால் அதுவும் உதவாது. வசிப்பிடக் கட்டம் நிரம்பியிருந்தால் சிக்கல் தானாக அவிழ்கிறது. தியாகராஜர் திருவையாற்றுக்குப் போகிறார். சியாமா சாஸ்திரி தஞ்சாவூருக்கு. தீட்சிதர் தம் கடைசிக் காலத்தைக் கழித்து 1835-இல் மறைந்த எட்டயபுரத்துக்கு. அங்கே 1882-இல் பிறந்த பாரதியோடு போட்டிபோட வேண்டியிருக்கும், போடட்டும். அது பொருத்தமான போட்டி.

இரண்டு எச்சரிக்கைகள். பிறந்த இடத்தை யாரும் தொட வேண்டாம். அது உண்மை, அப்படியே இருக்கட்டும். வசிப்பிடக் கட்டத்தில் பூர்வீகத்தைத் திணிக்காதீர்கள். மூன்று தலைமுறையாகச் சென்னையில் இருப்பவருக்குக் குலதெய்வக் கோயில் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறது என்பதற்காக அவரைத் திருநெல்வேலிக்காரர் ஆக்கினால், இப்போதுள்ள குழப்பமே மேல். எங்கள் ஊர்க்காரர் என்று கொடி பிடிக்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு, பள்ளி கல்லூரிப் பதிவு என்று கையில் சான்று இருந்தால் எழுதுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்பதைத் தொடக்கக் காலம், முடிவுக் காலம் என்ற துணைக்குறிப்புகளாகச் சேருங்கள். ஒருவருக்கு நான்கு ஊர் என்றால் நான்கையும் எழுதலாம், கட்டம் தாங்கும்.

பலர் கூடி விக்கியில் எழுதும் அடுத்த தொடர்தொகுப்பு நிகழ்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிக் கரை ஊர்களில் தொடங்கலாம். அங்கேதான் நூல்களும் சான்றுகளும் மலிந்து கிடக்கின்றன.

அன்புடன்,
வரைபடம் பார்த்தே பொழுதைக் கழிக்கும் வாசகன்