பழைய டேப்லட்டை வீட்டுத் தொலைபேசியாக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

அலமாரியில் சும்மா கிடக்கும் டேப்லட், சிம் கார்டு இல்லாமலே வைஃபை வழியாக வீட்டுத் தொலைபேசியாக வேலை செய்யும். பெயர்கள் பெரிய எழுத்தில் தெரிவதால் வயதான பெற்றோருக்கு நல்ல வசதி.

ஆண்ட்ராய்டு 12 முதல் உள்ளமைந்த எஸ்ஐபி (SIP, இணையம் வழியாகத் தொலைபேசி அழைப்பை இணைக்கும் முறை) அழைப்பு வசதி கிடையாது. லின்ஃபோன் போன்ற செயலியை இறக்கி, இணையத் தொலைபேசிச் சேவை நிறுவனம் தரும் பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி மூன்றையும் நிரப்புங்கள். குரலைச் சுருக்காமல் அனுப்பும் ஜி.711 (G.711) முறையில்கூட ஒரு திசைக்கு வினாடிக்குச் சுமார் 90 கிலோபிட்தான். இணைய வேகம் தடையே அல்ல.

சிக்கல் வேறு இடத்தில். மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டுமே கேட்கிறது. பெரும்பாலும் ரவுட்டரில் அழைப்புத் தகவலைத் திருத்தும் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ (SIP ALG) என்ற அமைப்புதான் காரணம், தகவலுக்குள் இருக்கும் முகவரியை அது தவறாக மாற்றி எழுதுவதால் குரல் வழிமாறிப் போகிறது. அதை அணைத்து, ரவுட்டரை மறுபடி இயக்குங்கள். மணியே அடிக்காவிட்டால், பேட்டரி சேமிப்பு செயலியைத் தூங்க வைத்திருக்கும். அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். எதிரொலிக்கு மைக் உள்ள ஹெட்செட் போதும்.

நாள் முழுக்க சார்ஜரில் மாட்டி வைக்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் பேட்டரி உப்பும். திரையின் ஓரம் சற்றே தூக்கினாலும் அந்த டேப்லட்டைக் கைவிடுங்கள்.

மின்சாரம் போனால் மோடமும் போகும். எல்லா இணையத் தொலைபேசி எண்களும் அவசர எண் 999-க்கு இணைப்புத் தரும் என்று சொல்ல முடியாது. அவசரத்துக்குச் சாதாரணக் கைப்பேசி ஒன்று கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும்.

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்