‘வாருத கத்தி’ என்று சொன்ன ஆச்சிக்கும் மற்ற எல்லாருக்கும் நன்றி

அன்புடையீர்,

எங்கள் கண்காட்சிக்கு வந்த மடக்கெழுத்தாணி, அதாவது பனையோலையில் எழுதும் ஊசியும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கும் பழைய கருவி, பத்திரமாக இருக்கிறது. இன்று காலை பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டோம். அது என்ன கருவி என்றே தெரியாமல் ஒன்பது நாளும் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். மறுபடி சொல்லி நெஞ்சைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். கை இன்னும் நடுங்குகிறது. அது அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த, பனையோலைப் பெட்டி முடையும் ஆச்சிக்கு. பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை.

நம் கையில் இருந்தது 14 சென்டிமீட்டர் நீளமுள்ள மாட்டுக் கொம்புப் பிடி. இரு முனையிலும் பித்தளைப் பூண். ஒரு முனையில் 5 சென்டிமீட்டர் மடக்குக் கத்தி. பார்த்தவர்கள் எல்லாரும் அந்தக் கத்தியைத்தான் பார்த்தார்கள். பேனாக்கத்தி என்றார்கள், நாட்டு வைத்தியரின் அறுவைக் கத்தி என்றார்கள், வெற்றிலைப் பெட்டியில் கிடந்தது என்றார்கள். ஆச்சி அதை வாங்கி, கத்தியின் முதுகில் கட்டைவிரலை வைத்து, இல்லாத ஓலை ஒன்றின் ஓரத்தை இழுப்பதுபோல் தன் பக்கமாக இழுத்துக் காட்டினார்கள். “இது ஓலை வாருத கத்திலா?” அவ்வளவுதான் சொன்னார்கள்.

வாருதல் என்றால் ஓலையின் இரு ஓரத்தையும் சீவி ஒரே அகலத்துக்குக் கொண்டுவருவது. பெட்டி முடைகிறவர்களுக்கு இன்றைக்கும் அன்றாட வேலை. சுவடி எழுதியவர்களுக்கும் அதுதான் முதல் வேலை. கொண்டையில், அதாவது மேல்முனையில், கத்தி உள்ள எழுத்தாணிக்கு வாரெழுத்தாணி என்று பெயர் வந்ததே அதனால்தான். ஓலை வாரும் கத்தி என்றால் எழுதும் ஊசி எங்கே? அப்போதுதான் பிடியை அளந்தோம். பள்ளம் 13 சென்டிமீட்டருக்கு மேல் ஓடுகிறது. 5 சென்டிமீட்டர் கத்திக்கு அவ்வளவு நீளப் பள்ளம் எதற்கு? மீதிப் பாதியில் துருவும் அழுக்கும் கல்லாகிக் கிடந்தன. அதற்குள் 8 சென்டிமீட்டர் ஊசி எதிர்ப்பக்கமாக மடங்கிப் படுத்திருந்தது.

அதை எடுத்த விதத்தை எழுதிவைக்கிறோம், வேறு யாருக்காவது உதவும். குறடு வைத்து இழுக்கவில்லை. துருவேறிய இரும்பு பெரும்பாலும் தண்டில் முறியாது. மடங்குவதற்காக ஆணி அடித்திருக்கும் கண்ணில்தான் முறியும். மூங்கில் குச்சியால் அழுக்கைச் சுரண்டினோம். பிறகு தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையால் ஒரு சொட்டு, கண்ணில் மட்டும். ஒருநாள் விட்டுத் துடைத்து மறுபடி ஒரு சொட்டு. மூன்றாம் நாள் மயிரிழை அசைந்தது. அதன்பின் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தே திறந்தது. புளி, எலுமிச்சை, உப்புத்தாள் எதுவும் படவில்லை. புளி போட்டால் பித்தளை பளபளக்கும். தலைமுறை தலைமுறையாகக் கை பட்டுப் படிந்த நிறம் அதோடு போய்விடும். கொம்பு தண்ணீரில் ஊறினால் அடுக்கடுக்காக உரியும். பிடி தந்தமாக இருந்தால் விற்பதோ வாங்குவதோ சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

ஊசி வெளியே வந்தபின்னும் கேள்வி ஓயவில்லை. கோணி ஊசியா என்றார்கள். அதற்குக் காது இருக்கும். செருப்புத் தைக்கிற ஊசியா என்றார்கள். அதன் நுனியில் நூலைக் கொக்கி இழுக்க ஒரு வெட்டு இருக்கும். ஏடுகள் நழுவாமல் சுவடித் துளையில் செருகும் கம்பியான நாராசமா என்று கேட்டவர் சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்தார். ஆனால் நாராசம் நெடுக ஒரே பருமன். இது அடியில் தடித்து நுனிக்கு வரவர மெலிகிறது. நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசிக் கூர் இல்லை; சீரகச் சம்பா அரிசியின் நுனிபோல் உருண்டு, தேய்ந்து, வழவழவென்று இருக்கிறது.

இது எழுதும் ஊசி என்பதற்கு அந்த மழுங்கல்தான் சாட்சி. ஆனால் அதை ஓலையில் கீறிக் காட்டினால்தானே நம்புவார்கள்? மறுநாள் விடியற்காலை, யாரும் கேட்காமலே, ஆச்சி பேரன் கையில் ஒரு சுருளைக் கொடுத்தனுப்பினார்கள். பன்னிரண்டு ஓலை. குருத்தும் இல்லை, முற்றின ஓலையும் இல்லை, இடைப்பட்ட பருவம். ஈர்க்கு நீக்கி, இரண்டு விரல் அகலத்துக்கு வாரி, நிழலில் உலர்த்தியிருந்தார்கள். ஓலைக்கு இயல்பான வளைவு எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுருட்டி, ஓலை நாராலேயே கட்டியிருந்தார்கள். அவிழ்த்ததும் பலகைபோல் படிந்து நின்றது. வெறும் கட்டாகக் கொடுத்திருந்தால் நிமிர்த்துவதிலேயே ஒருநாள் போயிருக்கும். காசு கொடுத்தோம், பேரன் வாங்க மறுத்துவிட்டான்.

அசல் ஊசியை நாங்கள் ஓலையில் வைக்கவில்லை. பட்டறைக்காரர் ஆறு அங்குல ஆணி ஒன்றை அதே வடிவில் தீட்டிக் கொடுத்தார். ஓலையில் ஆறை மஞ்சள் கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் வேகவைத்து, உலர்த்தி, சங்கால் தேய்த்தோம். ஆறை அப்படியே வைத்தோம். முதலில் ஆணியைக் கூராகவே தீட்டியிருந்தார். கீறியதும் நாரை அறுத்துக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டது. ஓலையில் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். அதனால் கீறல் பாதித் தடிமனைத் தாண்டக் கூடாது. நுனியை எண்ணெய்க் கல்லில் உருட்டி மழுக்கியபின் நாரை அறுக்காமல் பிளந்து ஒதுக்கிக்கொண்டு போனது. நாரின் போக்கிலேயே நீளக்கோடு இழுத்தபோது அப்போதும் ஓலை கிழிந்தது. வளைத்து எழுதியபோது கிழியவில்லை. அழுத்திப் புள்ளி வைத்த இடத்தில் ஓட்டை விழுந்தது. ஏடெழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதன் காரணம் விரலுக்கே புரிந்தது. வேகவைக்காத ஓலையில் கோட்டின் ஓரம் பிசிறடித்தது.

இன்னொன்று. காகிதத்தில் எழுதுகிற பழக்கத்தில் வலது கையை நகர்த்தினால் எழுத்து கோணுகிறது. ஆணியைப் பிடித்த வலது கை இருந்த இடத்திலேயே இருக்க, ஓலையைத் தாங்கிய இடது கையின் கட்டைவிரல் ஆணியைத் தள்ளிக்கொடுக்க, ஓலைதான் இடப்பக்கம் நகர வேண்டும். பழைய எழுத்தர்கள் இடது கட்டைவிரல் நகத்தில் சின்னப் பள்ளம் வெட்டி வைத்ததும் இதற்குத்தான். கடைசியில் விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தோம். ‘உலகம்’ என்ற சொல் கறுப்பாக எழுந்து நின்றது. அதைப் பார்த்தபின் கேள்வி கேட்டவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

இந்தக் கருவியோடு எடைக்கு வந்த பெட்டியை உருக்க அனுப்பாமல் நாலு நாள் எடுத்துவைத்த இரும்புக்கடை அண்ணாச்சிக்கும், ஆணி தீட்டிய பட்டறைக்காரருக்கும், அளவுகோலோடு ஆறு பக்கமும் படம் எடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், ராத்திரி பதினோரு மணிக்கும் போனை எடுத்து ‘இழுக்காதீங்க, எண்ணெய் விட்டுப் பொறுங்க’ என்று சொன்ன சுவடிக் காப்பாளர் அம்மாவுக்கும், தப்பாகச் சொன்னாலும் அக்கறையோடு சொன்ன அத்தனை பேருக்கும் எங்கள் வணக்கம்.

இனி பெயர் தெரியாத கருவி எது வந்தாலும், திறக்கிற பக்கத்தை மட்டும் பார்த்துப் பெயர்ச்சீட்டு எழுத மாட்டோம். பள்ளத்தையும் ஓட்டையையும் அளப்போம். அந்த வேலையை இன்னும் கையால் செய்கிறவர்களிடம் முதலில் கேட்போம். எங்கள் சீட்டில் இப்போது ‘மடக்கெழுத்தாணி’ என்றும், அதன் கீழே ‘வாருத கத்தி’ என்று ஆச்சி சொன்ன சொல்லும் இருக்கின்றன.

பன்னிரண்டு ஓலையில் இரண்டு மிச்சம். ஒன்றில் ஆச்சியின் பேரை எழுதி மை தடவி வைத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை உடன்குடிக்குக் கொண்டுபோகிறோம். மற்றது எழுதாமல் பெட்டியில், எழுத்தாணிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவினர்