பெரியகல்லாற்றில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள பெரியகல்லாற்று உறவுகளே,

போன கிழமை, கச்சான்காற்று அடித்த ஒரு பின்னேரம், நிலத்தோடு பதிந்த கறுப்பு ஜீப்பில் பைபர் போட் ஒன்றைக் கட்டி இழுத்துவந்து பாலத்தடியில் றோட்டை மறித்து நின்றவன் நான்தான். அன்றைய பதற்றத்தில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

மச்சானின் போட்டை வாழைச்சேனையிலிருந்து கோமாரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ட்ரெய்லர், என்ஜின், ஐஸ் பெட்டி, வலை எல்லாம் சேர்த்தால் ஒரு தொன்னுக்கு மேல் வரும். ஜீப்போ, எனக்கு முன் வைத்திருந்தவர் அழகுக்காக ஸ்பிரிங் மாற்றி இரண்டு அங்குலம் இறக்கியது. வளைவில் சாயாமல் போகும், அதில் மயங்கித்தான் வாங்கினேன். ஆனால் இறக்கிய ஸ்பிரிங் அமுங்குவதற்கு மிச்ச இடம் ஏது? ஏறாவூரில் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் பின்பக்கம் ‘டக்’கென்று அடித்தது, டயர் மட்காட்டில் உரசி ரப்பர் கருகிய மணம் வந்தது. நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, போட்டின் முன்னால் கிடந்த வலையையும் ஐஸ் பெட்டியையும் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். ஜீப் நிமிர்ந்தது. வினையும் அங்கேதான் தொடங்கியது.

ஓந்தாச்சிமடம் தாண்டி, வாவிக் காற்று பக்கவாட்டில் பட்டதும் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் இன்னும் கூடியது. பின்னால் வந்த ஓட்டோத் தம்பி கையை வெளியே போட்டு மற்ற வாகனங்களை மெதுவாக்கியிராவிட்டால் என்ன நடந்திருக்குமோ! தம்பி, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

அடுத்தது, லொறி ஓடி ஓய்ந்த அந்த ஐயா. “பிரேக்கில கால் வைக்கப்படாது மனே. அக்சிலேட்டர விட்டுட்டு ஸ்டியரிங்க நேராப் பிடி, அது தானா அடங்கும்” என்றார். ஏச்சு ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு பொடியன்களை அனுப்பி, நெல் நிறுக்கும் தராசைத் தூக்கிவரச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ட்ரெய்லரைக் கழற்றி, தராசின் மேல் பலகைக் கட்டைகளை அடுக்கி, ட்ரெய்லரின் மூக்கை, அதாவது ஜீப்பில் கொழுவும் முன்முனையை, கொக்கி இருக்கும் உயரத்துக்கு வைத்தார்கள். முள் 32 கிலோவில் நின்றது. “அரை மூட்டை நெல்லுக்கூட இல்ல. மூக்கில பாரம் குறைஞ்சா ட்ரெய்லர் வாலாட்டும். மொத்தப் பாரத்தில பத்தில ஒரு பங்காவது மூக்கில இருக்கணும், பத்தில ஒன்றரைப் பங்குக்கு மேல போகவும் படாது” என்றார். அந்தக் கணக்குக்கு என் ஜீப் முழுப் பாரத்தையும் தாங்காது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். வலையும் ஐஸ் பெட்டியும் இறங்கின. என்ஜினைக் கழற்றி முன்னுக்குக் கிடத்தினோம். இந்த முறை 90 கிலோ. ஐயாவின் முகத்தில் பரீட்சை பாசான பிள்ளையின் சிரிப்பு.

மருதமுனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த வெல்டிங் கடைக் காக்காவையும் சொல்ல வேண்டும். ஜீப் பதிந்திருப்பதால் கொக்கியும் பதிந்து, ட்ரெய்லர் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. துண்டு இரும்பு வைத்து உயர்த்தி ஒட்டித் தாருங்கள் என்று கேட்டேன். “ஒட்டு விட்டா றோட்டால போறவன்ட உசிருக்கு ஆரு பதில் சொல்லுற?” என்று மறுத்துவிட்டார். வருகிற காசை வேண்டாம் என்ற மனிதர்! கொக்கித் தண்டைக் கழற்றிப் பார்த்தார். வளைவு கீழ்நோக்கி இருந்தது, அதைத் தலைகீழாகத் திருப்பியும் பூட்டலாம் என்று கண்டார். ட்ரெய்லர் மட்டத்துக்கு வந்தது. சங்கிலிகளையும் மூக்குக்குக் கீழே குறுக்காகப் பின்னிக் கொழுவிவிட்டார்.

வலையையும் பெட்டியையும் திருக்கோவில் வரை ஏற்றிப்போன பட்டா லொறிக்காரர் டீசல் காசு மட்டும் வாங்கினார். இஞ்சி போட்ட பிளேன்ரீ தந்த அக்காவுக்கு ஆறு கோப்பைக் கடன் இருக்கிறது.

நாற்பதுக்கு மேல் போகாமல் ஓடி, இரவு பத்து மணிக்குக் கோமாரி சேர்ந்தோம். பழைய உயரத்து ஸ்பிரிங்குக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், அது வரும்வரை ஜீப்பில் ஒன்றும் கட்டி இழுப்பதாக இல்லை.

காக்கா, உங்கள் பெரிய ஸ்பேனர் என் பின்சீட்டுக்குக் கீழே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கடைக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து கறுப்பு ஜீப்காரன்