பேச மட்டும் ரீசார்ஜ் பேக் கேட்டவருக்கு 126 ஜிபி டேட்டா விற்றது பற்றிய புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி, வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் சேவை எண்ணில் தமிழுக்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொல்கிறீர்கள். அழுத்தினேன். இருபது நிமிடம் பாட்டுதான் ஓடியது. சரி, எழுதியே விடுவோம் என்று எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 74 வயது. அப்பா போன பிறகு அம்பாசமுத்திரத்திலிருந்து மும்பை வந்து, செம்பூரில் என்னோடு இருக்கிறார். ஊரில் வாங்கிய அதே எண்தான், 12 வருடமாக உங்கள் சிம்தான். பழைய பட்டன் போனில் 5 அழுந்தாமல் போனதால், போன மாதம் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் உங்கள் கடைக்கு அவரைக் கூட்டிப் போனேன். கேட்டது இரண்டே இரண்டு: ஒரு பட்டன் போன், பேசவும் பேங்க் ஓடிபி வரவும் மட்டும் ஒரு ரீசார்ஜ்.

கடைப் பையன் முதலில் ஒரு ஸ்மார்ட்போனை அம்மா கையில் வைத்தான். அம்மா விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து அழுத்தினார். ஐம்பது வருடம் புளியும் சாம்பலும் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல் அது. திரை அசையவே இல்லை. நாலைந்து தடவை பார்த்துவிட்டு அவனே உள்ளே போய்ப் பட்டன் போனை எடுத்து வந்தான். அதில் எனக்குக் குறை இல்லை.

குறை பேக்கில். "டேட்டா இல்லாத பேக் இப்போ கிடையாது, எல்லாம் நிறுத்தியாச்சு" என்று இந்தியில் சொல்லி, டேப்லெட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினான். 84 நாள், தினம் 1.5 ஜிபி, 800 ரூபாய்க்கு மேல். வேறு வழியில்லை என்று கட்டினேன்.

அன்று ராத்திரி உங்கள் ஆப்பைத் திறந்து கீழே கீழே தள்ளிக்கொண்டே போனால், கடைசியில் இருக்கிறது: அதே 84 நாள், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும், 500 ரூபாய்க்குள். இது நீங்கள் தயவு செய்து போட்ட பேக் இல்லை. டேட்டா தேவைப்படாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி போட்டது. வேலிடிட்டி 365 நாள் வரை தரலாம் என்றும் அதில் இருக்கிறது. விதிக்காகப் போட்டுவிட்டு, கடையில் இல்லை என்று சொன்னால் எப்படி?

84 நாளுக்குக் கணக்குப் போட்டால் 126 ஜிபி. அம்மாவின் போனில் நெட்டே ஆன் செய்யவில்லை. நள்ளிரவானால் அன்றைய 1.5 ஜிபி போய்விடும், மறுநாள் இன்னொரு 1.5 வரும். யாரும் குடிக்காத பாலைத் தினமும் வாசலில் ஊற்றிவிட்டுப் போகிற மாதிரி. 28 நாளை ஒரு மாதம் என்று சொல்லி வருடத்துக்கு 13 ரீசார்ஜ் ஆக்கியதையே பொறுத்துக்கொண்டவர்கள் நாங்கள். இதையுமா?

மூன்றாம் நாள் புகார் செய்தேன். புகார் எண் வந்தது. மறுநாளே "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ்ஸும் வந்தது. யாரும் கூப்பிடவில்லை, எதுவும் தீரவில்லை. நானே திரும்பக் கூப்பிட்டபோது, போட்ட பேக்கை மாற்ற முடியாது என்றார்கள்.

அந்தப் பையனைத் தண்டிக்கச் சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் விற்றவன், டார்கெட் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நான் கேட்பது, அந்த இரண்டு பேக்குக்கும் உள்ள வித்தியாசத் தொகையை அம்மாவின் கணக்கில் திருப்பி வையுங்கள். கூடுதல் டேட்டா கொடுத்துச் சமாளிக்க வேண்டாம். அப்புறம், அந்தக் கடைச் சுவரில் பேச்சு பேக்கின் விலையையும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். மராத்தியிலும் இந்தியிலும் இருந்தால் போதும், தமிழ் தெரிந்தவர்களுக்கு நானே படித்துச் சொல்கிறேன்.

15 நாளில் பதில் வராவிட்டால் உங்கள் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுவேன். அதற்கும் பதில் இல்லையென்றால் 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, வேறு கம்பெனிக்கு மாறும் வேலையை ஆரம்பித்துவிடுவேன். மாநிலம் மாறினாலும் எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறலாம் என்பது 2015 ஜூலையிலிருந்தே இருக்கிறது. அம்மாவுக்கு எண் மாறாமல் இருந்தால் சரி, யார் சிம் என்பது அவருக்குப் பொருட்டில்லை.

பதிலை என் எண்ணுக்கு அனுப்புங்கள். அம்மாவின் எண்ணுக்கு "உங்கள் டேட்டா காத்திருக்கிறது" என்று விடியற்காலையில் எஸ்எம்எஸ் அனுப்புவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். ஒவ்வொன்றையும் பேங்கிலிருந்து வந்தது என்று நினைத்து என்னை எழுப்புகிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரின் மகன்
செம்பூர், மும்பை

இணைப்பு: ரீசார்ஜ் ரசீது நகல், புகார் எண் வந்த எஸ்எம்எஸ்ஸின் படம்