கையெழுத்துக்கு முன் சபைக்கு வரட்டும்

மாண்புமிகு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

கொழும்பு புதுக்கடையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். என் மேசைக்கு அதிகம் வருவது காணி உறுதிகள். உறுதியில் கையெழுத்து வைத்தவர் பிறகு வந்து, "வீட்டில் கேட்காமல் வைத்துவிட்டேன், செல்லாது" என்றால் நொத்தாரிசு சிரிப்பார். சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்த அரசு மட்டும் அப்படிச் சொல்லலாமா?

சிங்கராசா வழக்கைத்தான் சொல்கிறேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் தண்டிக்கப்பட்டது ஒரு வாக்குமூலத்தை வைத்து. அது சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்டு, அவருடைய பெருவிரல் அடையாளத்தோடு இருந்தது. அந்த மொழி தனக்குத் தெரியாது என்றார் அவர். என் தொழிலில் இருப்பவனுக்கு இந்த இடத்தைத் தாண்டி வாசிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

ஐ.நா.வின் குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயத்தில் இலங்கை 1980-இல் சேர்ந்தது. தனிமனிதரும் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் நேரே முறையிடலாம் என்ற, அந்தச் சமவாயத்தோடு இணைந்த நெறிமுறையில் 1997-இல் சேர்ந்தது. சிங்கராசா முறையிட்டார், அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகக் குழு 2004-இல் சொன்னது. அதை வைத்து இங்கே மனுப்போட்டபோது, 2006-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஜனாதிபதி அந்த நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண், பாராளுமன்றம் சட்டம் இயற்றவில்லை, ஆகவே உள்நாட்டில் வலு இல்லை என்றது.

சட்டம் இயற்றுவது நீங்கள்தான், ஜனாதிபதி அல்ல. சரி, அதை ஏற்கிறேன். ஆனால் நாடுகளின் உடன்படிக்கைகளுக்கு விதி வகுத்த 1969 வியன்னா சமவாயத்தின் 27-ஆம் உறுப்புரை, உடன்படிக்கையை நிறைவேற்றாததற்கு உள்நாட்டுச் சட்டத்தைச் சாட்டாகக் காட்ட முடியாது என்கிறது. 46-ஆம் உறுப்புரை தப்பிக்க ஒரு சின்னக் கதவைத் திறந்து வைக்கிறது: உடன்படிக்கையில் சேரும்போது மீறப்பட்டது அடிப்படை முக்கியத்துவமுள்ள உள்நாட்டு விதியாக இருக்க வேண்டும், மீறலும் எவருக்கும் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒன்பது வருடம் நம் கண்ணிலேயே படாத மீறல் ஜெனீவாவில், அந்த ஐ.நா. குழுவில் இருப்பவர் கண்ணில் எப்படிப் பளிச்சென்று பட்டிருக்கும்?

வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 157-ஆம் உறுப்புரையைப் பாருங்கள். வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் உடன்படிக்கையை மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் அங்கீகரித்தால், அதற்கு இங்கே சட்டத்தின் வலு வந்துவிடுகிறது. முதலீட்டாளருக்குப் போட்ட பாதையைக் குடிமகனுக்கும் கொஞ்சம் நீட்டினால் என்ன?

நான் கேட்பது இதுதான். எந்த உடன்படிக்கையானாலும் நாடு கட்டுப்படும் முன் சபைக்கு வர வேண்டும், தேவையான சட்டமூலமும் கூடவே வர வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும். அப்புறம், மொழிபெயர்க்க ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். புதுக்கடையில் நாங்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்